அழுது முடித்த பிறகு என்ன செய்தோம்?

மதுரையில் ஒரு சிறிய அரங்கில் கல்லூரி மாணவர்களுக்காக 'கக்கூஸ்' ஆவணப்படத்தைத் திரையிட்டோம். படம் முடிந்து விளக்கைப் போட்டபோது பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். கலந்துரையாடலுக்காக நாங்கள் அழைத்திருந்த தூய்மைப் பணியாளர் அக்கா ஒருவர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். "படத்தப் பத்தி நாலு வார்த்தை சொல்லுங்கக்கா" என்று மைக்கை நீட்டினோம்.

"இதுல நான் பாக்காதது என்ன தம்பி இருக்கு? அழுதவங்கள்ல யாராச்சும் நாளைக்கு எங்க காண்ட்ராக்டர்கிட்ட வந்து, ஏன் இன்னும் கையுறை குடுக்கலைன்னு கேப்பீங்களா?"

யாரும் பேசவில்லை. எங்களிடமும் பதில் இல்லை. இத்தனை காலம் நாங்கள் பார்த்த, திரையிட்ட படங்களையெல்லாம் அந்தக் கேள்வியோடு திரும்ப யோசிக்க வேண்டியதாயிற்று.

தோழர்களே, ஆவணப்படம் நம் ஊருக்குப் புதிதல்ல. அமுதன் ஆர்.பி. 1998 முதல் மதுரையில் ஆவணப்பட, குறும்பட விழாவை நடத்தத் தொடங்கினார். அவர் 2003இல் எடுத்த படம் 'பீ'. மதுரையில் ஒரு கோயிலுக்குப் பின்னால் உள்ள தெருவில் மலம் அள்ளும் ஒரு பெண்ணின் அன்றாட வேலைதான் படம். அரை மணி நேரம்கூட ஓடாது. முதல்முறை பார்த்தபோது எங்களில் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். நாம் பார்க்கவே கூசுவதை ஒருவர் தினமும் காலையில் அள்ளுகிறார் என்பது பிறகுதான் உறைத்தது. அந்த வெட்கம் தேவையானது. ஆனால் அது அங்கேயே நின்றுவிடக் கூடாது.

பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2017இல், திவ்யபாரதி 'கக்கூஸ்' எடுத்தார். 2015இல் மதுரையில் இரண்டு தொழிலாளர்கள் மலக்குழியில் இறந்ததுதான் அதற்குத் தூண்டுதல். அமுதனின் கேமரா ஒரு தெருவில் நின்றது. திவ்யாவின் கேமரா தமிழகத்தின் பல மாவட்டங்களுக்குப் போனது. போன இடமெல்லாம் ஒரே சாதிக் கணக்கு. படத்தைத் திரையிடப் பல ஊர்களில் காவல்துறை தடை போட்டது. யூடியூபில் ஏற்றிய பிறகு இயக்குநருக்கு மிரட்டல்கள் வந்தன. 2009ஆம் ஆண்டு மாணவர் போராட்டம் தொடர்பான பழைய வழக்கில் 2017 ஜூலையில் அவர் கைது செய்யப்பட்டார். ஒரு படத்துக்கு ஏன் இவ்வளவு பதற்றம்? இல்லை என்று அரசு சொல்லும் ஒன்றை அந்தப் படம் இருக்கிறது என்று காட்டியது, அதனால்தான்.

சட்டம் இல்லாமல் இல்லை. மனிதர் மலம் அள்ளுவதைத் தடை செய்ய 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். கழிவுநீர்க் குழியில் இறந்தவர்களின் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. எங்கள் திரையிடல்களில் இந்த விவரத்தை எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்? வெட்கத்தோடு சொல்கிறோம், அபூர்வமாகத்தான். படம் போட்டோம், கண்ணீரைப் பார்த்தோம், நிகழ்ச்சி வெற்றி என்று முகநூலில் எழுதினோம்.

இன்னொரு தவறும் செய்தோம். நம் மக்கள் செத்துக் கிடக்கும் படங்களையும், அழுது நிற்கும் படங்களையும் மட்டுமே தேடித் தேடிப் போட்டோம். ஆனந்த் பட்வர்தனின் 'ஜெய் பீம் காம்ரேட்' (2011) பார்த்தபோதுதான் இது பிடிபட்டது. 1997 ஜூலை 11 அன்று மும்பை ரமாபாய் நகரில் அம்பேத்கர் சிலை அவமதிக்கப்பட்டதை எதிர்த்துத் திரண்ட மக்கள் மீது போலீஸ் சுட்டது. பத்துப் பேர் இறந்தார்கள். அதைத் தாங்க முடியாமல் பாடகர் விலாஸ் கோக்ரே தூக்கிட்டு இறந்தார். அந்த மரணத்திலிருந்து தொடங்கும் படத்தை முடிக்க பட்வர்தனுக்குப் பதினான்கு ஆண்டுகள் பிடித்தன. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் அந்தப் படத்தில் மக்கள் பாடுகிறார்கள், வாதாடுகிறார்கள், தலைவர்களைக் கேள்வி கேட்கிறார்கள். சேரி சிந்திக்கும் இடம் என்பதைத் திரையில் பார்க்கிறோம்.

அதே 1997இல், ரமாபாய் நகருக்குச் சரியாகப் பதினொரு நாள் முன்னால், ஜூன் 30 அன்று, மேலூர் பக்கம் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவரோடு ஐந்து பேரும் பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். தனித் தொகுதியில் நின்று ஜெயித்ததுதான் அவர் செய்த 'குற்றம்'. மேலவளவு என்றதும் நமக்கு அந்தப் பேருந்துதான் ஞாபகம் வருகிறது. மிரட்டலுக்கு நடுவே வேட்புமனு கொடுக்கத் துணிந்த அந்த முருகேசன் ஞாபகத்துக்கு வருவதில்லை. ஊர்ப் பெரியவர்களிடம் அவர் எப்படிப் பேசினார், யார் அவருக்குத் தைரியம் சொன்னார்கள் என்று நம்மில் எத்தனை பேர் போய்க் கேட்டிருக்கிறோம்? அதைப் பார்த்தவர்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறது. உங்கள் கையில் இருக்கும் போனில் நல்ல கேமரா இருக்கிறது. ஜூன் 30 அன்று வீரவணக்கம் செலுத்திவிட்டுப் பஸ் ஏறும் முன் ஒரு பாட்டியிடம் அரை மணி நேரம் உட்காருங்கள். அனுமதி கேட்டுப் பதிவு செய்யுங்கள். எடுத்ததை முதலில் அவருக்கே போட்டுக் காட்டுங்கள்.

இப்போது நாங்கள் திரையிடலை மாற்றியிருக்கிறோம். முதல் திரையிடல் காலனியில், இரண்டாவதுதான் கல்லூரியில். காலனி மக்கள் போடக் கூடாது என்று சொல்லும் படத்தை வெளியே போடுவதில்லை. கலந்துரையாடல் முடியும்போது எழுதிய மனு ஒன்று கையில் இருக்க வேண்டும் என்பதும் விதி.

அன்று அழுத மாணவர்களில் நான்கு பேர் மறுவாரம் அந்த அக்காவோடு காண்ட்ராக்டர் அலுவலகத்துக்கு வந்தார்கள். ஒரு மணி நேரம் வெளியே நிற்க வைத்தார்கள். பிறகு கையுறை வந்தது, ஒரே ஒரு தடவை. இரண்டு மாதத்தில் கிழிந்துவிட்டது.

மறுபடி போகிறோம். வருகிறவர்கள் வரலாம்.