சாவுறதுக்குள்ள அறுக்காதீங்க, தோழர்களே!

நொச்சிக்குப்பத்து அண்ணன்மாரே, அக்காமாரே, தம்பி தங்கைகளே!

நேற்று சாயங்காலம் நம்ம பிளாக்குக்குப் பின்னால் ஒரு நாட்டுக்கோழி தலையைத் தொங்கப் போட்டு நின்றது. கொண்டை கருநீலமாகிவிட்டது, கண்ணைச் சுற்றி வீக்கம். "சாவுறதுக்குள்ள அறுத்துடு, கறி வீணாப் போயிடும்" என்றார் ஒரு பெரியம்மா. கத்தி வந்துவிட்டது. இறகு பிடுங்க நாலு பிள்ளைகள் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார்கள். ஓடிப்போய்த் தடுத்தேன்.

அந்தக் கத்தியை எல்லா வீட்டிலும் கீழே வையுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

வெள்ளைக்கழிச்சலாக இருக்கும் என்கிறோம். இருக்கலாம். ஆனால் பச்சைக் கழிச்சல், கழுத்துத் திருகல், திடீர்ச் சாவு எல்லாம் பறவைக் காய்ச்சலிலும் வரும். கண்ணால் பார்த்துப் பிரிக்க யாராலும் முடியாது. ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். நோய்க்கோழியை அறுக்கும்போது ரத்தமும் எச்சமும் கையில் படுகிறது, மூச்சில் ஏறுகிறது. ஆபத்து அங்கேதான். நன்றாக வெந்த கறியில் வைரஸ் பிழைக்காது. ஆகவே கோழிக்கடைக்காரரின் பிழைப்பில் மண்ணைப் போடும் வதந்தி எதையும் பரப்பாதீர்கள்.

2025 மார்ச்சில் ஆந்திராவின் நரசராவ்பேட்டையைச் சேர்ந்த 2 வயதுப் பெண் குழந்தை எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வைரஸுக்குப் பலியானாள். பச்சைக் கோழிக்கறித் துண்டு ஒன்றைத் தின்றிருந்தாள். அவ்வளவுதான். நம் பிள்ளைகளும் கறி வெட்டும் இடத்தில்தானே சுற்றிச் சுற்றி வருகிறார்கள்?

கடலோரத்துக்காரர்கள் நாம் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். கேரளத்தின் ஆலப்புழையில் 2021 ஜனவரியிலும் 2024 ஏப்ரலிலும் பறவைக் காய்ச்சல் வந்து வாத்துகளைக் கூட்டம் கூட்டமாக அழித்தார்கள். வலசைப் பறவை இறங்கும் தண்ணீரில்தான் வாத்தும் மேய்கிறது. அப்படிப் பறவை இறங்கும் அடையாறு முகத்துவாரம் நமக்கு அதிகத் தூரமில்லை. மீன் அங்காடிக் கழிவுக்குக் காக்கா வருகிறது, பூனை வருகிறது. 2025 தொடக்கத்தில் மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாடாவில் வீட்டுப் பூனைகளிடமே எச்5என்1 வைரஸ் இருந்தது. பெரு நாட்டுக் கடற்கரையில் இதே வைரஸால் செத்து ஒதுங்கிய கூழைக்கடாக்கள் ஆயிரக்கணக்கில்.

காக்காவோ கோழியோ கொத்தாகச் செத்துக் கிடந்தால் தொடாதீர்கள், குப்பைத்தொட்டியில் போடாதீர்கள், கடலில் வீசவே வீசாதீர்கள். பிள்ளைகளை விலக்கிவிட்டு கால்நடைத் துறையின் 1962-க்கும் மாநகராட்சியின் 1913-க்கும் போன் போடுங்கள். தொட்டுவிட்டு காய்ச்சல், இருமல் வந்தால் டாக்டரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள்.

சொன்னால் எல்லாக் கோழியையும் அழித்துவிடுவார்கள் என்ற பயம் எனக்குப் புரிகிறது. பத்துக் கோழிதான் ஒரு விதவை அக்காவின் கைச்செலவு. ஆனால் அரசு அழிக்கும் பறவைக்குத்தான் இழப்பீட்டு விதி இருக்கிறது. ஒளித்து வைத்துச் சாகவிட்ட கோழிக்குக் கையை விரிப்பார்கள். அந்தப் பணம் இழுத்தடிக்காமல் கைக்கு வர வேண்டும். வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி முகாம் குப்பத்துக்குள்ளேயே வர வேண்டும். செத்த காக்காவை வெறுங்கையால் அள்ளும் தூய்மைப் பணியாளருக்குக் கையுறையும் முகக்கவசமும் வேண்டும். இவற்றைச் சேர்ந்து நின்றுதான் வாங்க முடியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏலம் முடிந்ததும் லூப் ரோடு மீன் அங்காடி வாசலுக்கு வாருங்கள். டுமிங்குப்பம், நொச்சி நகர் தோழர்களையும் கூட்டி வாருங்கள். வீட்டுக்கு எத்தனை கோழி என்று ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள். இந்தக் கோரிக்கைகளை எழுதிய மனுவோடு அதையும் கொடுக்கப் போகிறோம்.