மைக் யார் கையில்?

1960-களில் தஞ்சைச் சீமையில் ஆடுதுறை-27 என்ற நெல்லுக்கு ஜனங்கள் வைத்த பெயர் "ரேடியோ நெல்". திருச்சி வானொலி சொல்லித்தான் அது வயலுக்கு வந்தது. இன்று பெங்களூரில் வேலை பார்க்கும் பலருடைய அப்பாவோ தாத்தாவோ அதை நட்டிருப்பார்.

ஆனால் அது ஒருவழிப் பேச்சு. நிலையம் சொல்லும், விவசாயி கேட்பார். கால்வாய்ப் பாசனத்துக்கு அது போதும். மழையை மட்டுமே நம்பிய மானாவாரிக் காட்டுக்கு ஊருக்கு ஊர் யோசனை மாறும் அல்லவா?

தெலங்கானாவில் ஜஹீராபாத் பக்கம் மாச்னூர் என்று ஒரு கிராமம். ஒரே வயலில் சோளம், தினை, துவரை என்று கலந்து விதைக்கும் வட்டாரம். அங்கே 2008 அக்டோபர் 15-ந் தேதி "சங்கம் ரேடியோ" தொடங்கியது. நடத்துகிறவர்கள் கிராமத்துத் தலித் பெண்கள். ஒலிபரப்புக்கு அவர்கள் வைத்த நேரம் இரவு 7 முதல் 9 வரை. காட்டு வேலை முடிந்து வீடு திரும்பிய பிறகுதானே காது கொடுக்க முடியும்! நல்ல விதையை எப்படிப் பொறுக்குவது, பூச்சி அரிக்காமல் அடுத்த பட்டம் வரை எப்படிக் காப்பது என்று பேசுகிறவர் பக்கத்து ஊர்க்காரி. நம்பிக்கை வராமல் இருக்குமா?

வேடிக்கை என்னவென்றால், நிலையம் 1998-லேயே தயார். லைசென்சுதான் இல்லை. பத்து வருடம் கேசட்டில் பதிவு செய்து கூட்டங்களில் போட்டுக் காட்டினார்கள். தங்கவயல்காரர்களுக்குத் தெரிந்த பூதிக்கோட்டையிலும் இதே கதைதான். வான்வழி கூடாது என்றதால், 2003-ல் கேபிள் டி.வி. கம்பி வழியாக "நம்ம த்வனி"யை வீடுகளுக்கு அனுப்பினார்கள்.

அலைவரிசை பொதுச்சொத்து என்று சுப்ரீம் கோர்ட்டு 1995-லேயே சொல்லிவிட்டது. 2002-ல் கல்வி நிலையங்களுக்குக் கதவு திறந்தது. தொண்டு நிறுவனங்களுக்கு 2006 நவம்பரில்தான். பட்டம் கொடுப்பவருக்கு முதல் பந்தி. பட்டம் பார்த்து விதைப்பவருக்குக் கடைசிப் பந்தி!

கல்லூரி நிலையங்கள் வேண்டாம் என்பதல்ல. பேராசிரியர் துண்டுப் பிரசுரத்தைப் படிப்பதற்கு ஆகாசவாணியே போதும் என்பதுதான். தொண்டு நிறுவனம் மனுப் போட்டால் தகவல் துறை, உள்துறை, பாதுகாப்புத் துறை என்று ஃபைல் சுற்றுகிறது. ஃபைல் நகரும் வேகம் குமாஸ்தாக்களுக்குத் தெரியாததா? பரிசோதனை வேண்டியதுதான். ஆனால் விவசாயிகளே நடத்த முன்வரும் நிலையத்தின் மனுவை வரிசையில் முதலில் எடுக்கட்டும்.