பரிந்துரையாகச் சுருங்கிய உரிமை

மனித உரிமைகளைக் காக்க இந்தியாவில் சட்டங்களுக்குக் குறைவில்லை என்பது கருத்தரங்குகளில் சலிக்காமல் ஒலிக்கும் வாதம். அரசமைப்பின் 21ஆம் உறுப்பு, 1993ஆம் ஆண்டின் மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த கைது நெறிகள் எனப் பட்டியல் நீளும். குண்டலுபேட்டை அடங்கிய சாமராஜநகர் மாவட்டத்தில் நின்று அதைப் படித்தால் அதன் வெறுமை புலப்படும்.

வீரப்பனைத் தேடிய தமிழக, கர்நாடக அதிரடிப்படையினர் இம்மாவட்டத்தின் மாதேசுவரன் மலையில் வைத்திருந்த வதைமுகாமை மக்கள் 'ஒர்க்‌ஷாப்' என்றே அழைத்தனர். மின்னதிர்ச்சி, தலைகீழாகத் தொங்கவிடல், பாலியல் வன்முறை என இருமாநில எல்லைக் கிராமத்தார் சாட்சியளித்தனர். 1999இல் தேசிய மனித உரிமை ஆணையம் நீதிபதி சதாசிவா தலைமையில் குழு அமைத்தது. 2003இல் அறிக்கை வந்தது. 2004இல் வீரப்பன் கொல்லப்பட்டதும் அதிரடிப்படையினருக்குப் பதவி உயர்வும் வீட்டுமனையும் தலா 3 லட்சம் ரூபாயும் தருவதாகத் தமிழக அரசு அறிவித்தது. வதைபட்டோரில் 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் இடைக்கால நிவாரணம் வழங்க ஆணையம் சொன்னதோ 2007இல்தான். வதைத்தவர் எவர் என்ற வினா குற்றவியல் நீதிமன்றத்தின் படியேறவில்லை.

இது தற்செயலன்று, சட்டத்தின் அமைப்பே இதற்கு இடமளிக்கிறது. 18ஆம் பிரிவின்படி ஆணையம் பரிந்துரைக்கலாம், ஆணையிட இயலாது. 36ஆம் பிரிவின்படி மீறல் நிகழ்ந்து ஓராண்டு கடந்தால் விசாரிக்கவும் இயலாது. அஞ்சி ஒடுங்கிய மலைவாசி ஓராண்டுக்குள் தில்லிக்கு மனு அனுப்ப வேண்டுமென எதிர்பார்ப்பது நீதியா?

நடப்புக் குற்றவியல் சட்டமே போதும் என்போர் வாச்சாத்தியைக் காட்டுவர். 1992இல் அங்கு நிகழ்ந்த கொடுமைக்கு 2011இல் உயிரோடிருந்த 215 அரசு ஊழியர்களும் தண்டிக்கப்பட்டனர்; 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. ஆனால் அவ்வழக்கு நகர்ந்தது, நீதிமன்றம் தலையிட்டு சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டதாலும், பழங்குடியினர் அமைப்புகள் விடாது போராடியதாலும். அப்போதும் 19 ஆண்டுகள் ஆயின. வாச்சாத்தி விதிவிலக்கு, மாதேசுவரன் மலையே விதி.

சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997இல் கையொப்பமிட்டது. இன்றுவரை ஏற்புறுதி செய்யவில்லை. 2010இல் மக்களவை நிறைவேற்றிய தடுப்பு மசோதா மாநிலங்களவையில் முடங்கிக் காலாவதியானது. சித்திரவதையைத் தனிக் குற்றமாக்கும் சட்டமும், வழக்குத் தொடர ஆணையிடும் அதிகாரமும் வராதவரை, நிவாரணம் என்பது நீதியன்று. குற்றத்துக்கு அரசு கட்டும் விலை.