கெட்டுப்போன ஓசை

"தம்பி, அந்தப் பெட்டியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு வாசி" என்றார் பெரியவர்.

போன வருஷம் ஒரு கல்லூரி விழாவில் வாத்தியப் போட்டிக்கு நடுவர்களாக உட்கார்ந்திருந்த மூவரில் நானும் ஒருவன். கதை எழுதுகிறவனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்காதீர்கள். நாடகப் போட்டிக்குப் போனவனைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். மேடையில் நின்ற பையனின் தோளில் எலெக்ட்ரிக் கிதார் தொங்கியது. காலடியில் உள்ளங்கையளவில் ஆரஞ்சு நிறப் பெட்டி ஒன்று. அதை அவன் காலால் அழுத்தியதும் கிதாரின் ஓசை கரகரத்து, தடித்து, பாதி அழுகையும் பாதி உறுமலுமாக எழுந்தது. உடனே, நாற்பது வருஷமாகக் கச்சேரி கேட்டுப் பழுத்த பெரியவர் கையைத் தூக்கி நிறுத்திவிட்டார்.

"எடுத்துவிட்டால் இந்தப் பாட்டே இல்லையே, ஸார்" என்றான் பையன்.

அவன் உள்ளதைச் சொன்னான். பெரியவர் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டார். "சுத்தமான நாதத்தைக் கெடுத்ததற்கு மார்க் வேறேயா?" என்று என் காதில் சொல்லிவிட்டுப் பூஜ்யம் போட்டார். நானோ, 'எனக்கு என்ன தெரியும்' என்ற சௌகரியமான அடக்கத்தோடு தாளின் அடியில் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையெழுத்து உறுத்துவதால்தான் இதை எழுதுகிறேன்.

சுத்தமான நாதம் என்கிறார்களே, அது எங்கே இருக்கிறது? தம்புராவைப் பாருங்கள். குதிரைக்கும் தந்திக்கும் நடுவே ஒரு நூலைச் செருகி, முன்னும் பின்னும் நகர்த்தி, காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். ஜீவா என்று அதற்குப் பெயர். நூல் சரியான இடத்தில் அமர்ந்ததும் தந்தி குதிரையில் உரசி ரீங்கரிக்கும். ஒரு ஸ்வரத்துக்குள்ளிருந்து மேல் ஸ்வரங்கள் பல கிளம்பி வரும். நூலை உருவிவிட்டால் ஓசை சுத்தமாகத்தான் இருக்கும். அந்தத் தம்புராவை வைத்துக்கொண்டு யார் பாட உட்காருவார்கள்? நூல் செய்தால் ஜீவன், டயோடு செய்தால் அழுக்கு! இது என்ன நியாயம்?

இரண்டும் ஒரே காரியம் என்று நான் சாதிக்கவில்லை. பெட்டி செய்வது வேறு விதம். தந்தியிலிருந்து வரும் மின்னலையை அது பெருக்குகிறது. பெருக்கிய அலையின் உச்சியையும் அடியையும் இரண்டு டயோடுகள் கத்தரித்துவிடுகின்றன. உருண்டையாக இருந்த அலை தட்டையாகிறது. அந்த வெட்டின் ஓரங்களில்தான் தந்தி தானாகத் தராத மேல் ஸ்வரங்கள் பிறக்கின்றன. பெரிய ஓசை வெட்டுப்பட்டுச் சிறிய ஓசை வளர்வதால், மீட்டியவுடன் தேய்ந்துபோகும் கிதார் ஓசை நீண்டு நிற்கிறது. நின்று பாடுவதற்கு மூச்சில்லாத வாத்தியத்துக்கு மூச்சு வந்துவிடுகிறது. இவ்வளவுக்கும் ஒன்பது வோல்ட் பாட்டரி ஒன்று போதும். பையன் வைத்திருந்தது ஜப்பானியரான பாஸ் கம்பெனியாரின் டி.எஸ்-1; 1978-இல் வந்த சரக்கு.

இந்த ஓசையைச் சோம்பேறிகள் கண்டுபிடித்ததாக ஒரு அபிப்பிராயம் உலவுகிறது. சரித்திரம் அப்படிச் சொல்லவில்லை. அமெரிக்காவில் லிங்க் ரே என்பவர் தமது ஆம்பிளிஃபயரின் ஒலிபெருக்கிக் காகிதத்தில் பென்சிலால் துளை போட்டார். 1958-இல் வந்த அவருடைய 'ரம்பிள்' இசைத்தட்டில் ஒரு வார்த்தைகூட இல்லை. இருந்தும் சில வானொலி நிலையங்கள் அதை ஒலிபரப்ப மறுத்தன! லண்டனில் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவீஸ் 1964-இல் இதே காகிதத்தை பிளேடால் கீறினார். நாஷ்வில்லில் நடந்தது இன்னும் ருசியானது. மார்ட்டி ராபின்ஸின் பாட்டொன்றைப் பதிவு செய்கையில் இயந்திரத்தில் ஒரு கோளாறு. கிரேடி மார்ட்டின் வாசித்த பேஸ் கிதார் வண்டு குடைவதுபோல் கேட்டது. அழித்துவிட்டு மறுபடி வாசிக்கச் சொல்லியிருக்கலாம். அப்படியே வைத்துக்கொண்டார்கள். 1961-இல் பாட்டு வெளிவந்தது. கோளாறு கிடைத்த ஓசை வேண்டுமென்று மற்றவர்களும் கேட்கவே, ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்நாடி அதை வேண்டுமென்றே செய்யும் ஒரு சர்க்யூட்டை அமைத்தார். கிப்ஸன் கம்பெனி 1962-இல் அதை மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்று விற்றது. கெட்டதைக் கேட்டு, இது கெட்டதல்ல என்று சொல்ல ஒரு காது வேண்டியிருந்தது. அந்தக் காது எங்கள் நடுவர் மேஜையில் இல்லை.

விழா முடிந்து ஒரு வாரத்தில் பையனைத் தேடிக்கொண்டு போனேன். மன்னிப்புக் கேட்க என்று கிளம்பி, வாயில் வராமல், "இந்தப் பெட்டியைக் கொஞ்சம் காட்டேன் தம்பி" என்றேன். கிதாரை என் கையிலேயே கொடுத்துவிட்டான். தந்தியைத் தொடுவதற்கு முன்பே இரைச்சல்! விரல் நகர்ந்தால் ஒரு கீச்சு. தொடாத தந்தி தன்பாட்டுக்கு ஊளையிட்டது. அவன் வாங்கி வாசித்துக் காட்டினான். வலது உள்ளங்கையின் ஓரம் தந்திகளின் மேல் படிந்திருக்க, இடது விரல்கள் ஒரு தந்தியை அழுத்தும்போதே பக்கத்துத் தந்தியின் வாயைப் பொத்தின. பெட்டி கையின் குற்றங்களை மறைக்கும் என்று நினைத்திருந்தேன். மெலிவு வலிவில் உள்ள சில குறைகளை அது பூசி மெழுகத்தான் செய்கிறது. ஆனால் அடங்காத கையை ஊரறியச் செய்துவிடுகிறது.

இன்னொன்றும் காட்டினான். மூன்று ஸ்வரங்களைச் சேர்த்து நிறைந்த சுருதிக்கூட்டாக வாசித்தால் ஒன்றோடொன்று மோதிக் குழம்புகிறது. காந்தாரத்தைத் தள்ளிவிட்டு ஸட்ஜத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் வைத்தால் மலைபோல் நிற்கிறது. ஸ, ப! பெரியவர் நாற்பது வருஷமாகத் தம்புராவில் கேட்டுக்கொண்டிருக்கிற அதே இரண்டு ஸ்வரங்கள். அவர் பக்கத்தில் இருந்தால் தோளைத் தட்டிக் காட்டியிருப்பேன்.

பையன்கள் எல்லாரும் யோக்கியர்கள் என்றும் சொல்லமாட்டேன். பெட்டியில் இருப்பது மூன்று குமிழ்கள்: டோன், லெவல், டிஸ்ட். மூன்றையும் கோடிவரை திருப்பிவிட்டு, அதுதான் வீரம் என்று நினைக்கிற கூட்டம் ஒன்று உண்டு. பெட்டி மாற்றிப் பெட்டி வாங்கி அடுக்குகிறார்கள், வாசிக்கப் பொழுதில்லை. பெரியவருடைய கட்சிக்கு ஆள் சேர்த்துக் கொடுப்பவர்கள் இவர்களே. நம் பையன் டிஸ்ட் குமிழைப் பாதிக்கும் கீழேதான் வைத்திருந்தான். மிச்சத்தைக் கிதாரிலுள்ள குமிழாலேயே கவனித்துக்கொண்டான்: சுண்டுவிரலால் சற்றுக் குறைத்தால் கரகரப்பு அடங்கித் தெளிகிறது, கூட்டினால் மறுபடி எழுகிறது. மேடையில் நிறுத்தப்பட்ட பாட்டின் மீதி முழுவதும் அப்படி ஏறி இறங்குவதுதான். எடுத்தால் பாட்டே இல்லை என்று அவன் சொன்னது எவ்வளவு சரி என்று அப்போது விளங்கிற்று.

இந்த வருஷமும் அழைப்பு வந்திருக்கிறது. அதே பெரியவர், அதே மேஜை. வருகிறேன் என்று எழுதிவிட்டேன். பெடலை விலக்கச் சொல்ல விதி ஏதாவது இருக்கிறதா என்றும் அந்தக் கடிதத்திலேயே கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.