மருந்து இருக்கிறது, வண்டி எங்கே?

ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த புதிதில், பச்சையாக ஒளிரும் புரதத்தின் மரபணுவை உயிரணுக்களுக்குள் ஏற்றும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். வைரஸ் கிடையாது. பாலிஎத்திலீன்இமின் என்ற பாலிமர்தான் சுமைதூக்கி. டி.என்.ஏ.வோடு கலந்து, இருபது நிமிடம் வைத்திருந்து, தட்டில் சொட்டுச் சொட்டாக விடுவேன். மறுநாள் நுண்ணோக்கியில் பார்த்தால் அங்கங்கே பச்சைப் பொட்டுகள். போதவில்லையே என்று பாலிமரைக் கூட்டினால், உயிரணுக்கள் உருண்டு சுருண்டு தட்டைவிட்டுப் பெயர்ந்து மிதக்கும். நுழையும் சாமர்த்தியம், கொல்லும் குணம் இரண்டுமே அதன் நேர்மின்னேற்றம் தருவதுதான்.

வைரஸ் லாகவமாக நுழையும். ஆனால் 1999இல் பிலடெல்பியாவில் யூரியா சுழற்சிக் குறைபாட்டுக்காக அடினோ வைரஸ் ஏற்றப்பட்ட 18 வயது ஜெஸ்ஸி கெல்சிங்கர், நான்காம் நாள் இறந்துபோனார். உடலின் எதிர்ப்பாற்றல் வெகுண்டெழுந்ததே காரணம்.

2025இல் அதே ஊர், அதே வகைக் கோளாறு, இம்முறை ஒரு கைக்குழந்தை. அதற்கென்றே தயாரித்த மரபணுத் திருத்தியைக் கொழுப்பு நுண்துகளில் வைத்து மூன்று தவணை கொடுத்தார்கள். முதலில் சிறு அளவு, பிறகு கூடுதலாக. வைரஸ் என்றால் முதல் ஊசியிலேயே எதிரணுக்கள் உருவாகி, இரண்டாவதற்கு வழியடைத்துவிடும். கொழுப்பு ரத்தத்தில் சாதுவாக வரும். உயிரணு அதை விழுங்கி அமிலப் பைக்குள் அடைத்ததும் மின்னேற்றம் பெற்றுப் பையைக் கிழிக்கும். என் பாலிமருக்கு அந்த நாசூக்கு இல்லை!

ஒரு வில்லங்கம் உண்டு. ரத்தத்திலுள்ள ஒரு புரதம் துகள்மேல் ஒட்டிக்கொள்ள, கல்லீரல் அதைத் தன் வீட்டுக் கொழுப்பென்று வாங்கிக்கொள்கிறது. கல்லீரல் நோய்க்கு அது அதிர்ஷ்டம். எலும்பு மஜ்ஜைக்குப் போகவேண்டியதும் பெரும்பாலும் அங்கேயே இறங்கிவிடுகிறது.

அப்படி மஜ்ஜையில் திருத்தவேண்டிய ஒன்றுதான் நீலகிரிப் பழங்குடியினரிடையே இருக்கும் அரிவாள் உயிரணு நோய். அதற்கு மரபணுத் திருத்தச் சிகிச்சை 2023இலேயே பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. அதிலும் திருத்தியை ஏற்ற வைரஸ் இல்லை, மின்துடிப்புதான். ஆனால் உயிரணுக்களை வெளியே எடுத்துத் திருத்த வேண்டும், கடும் கீமோதெரபி கொடுத்து மஜ்ஜையைக் காலிசெய்ய வேண்டும், பிறகு திருப்பி ஏற்ற வேண்டும். அமெரிக்காவில் விலை 22 லட்சம் டாலர்.

நான் போன மானியக் கூட்டங்களில் "எந்த மரபணு?" என்று துருவிக் கேட்டார்கள். எதில் ஏற்றி அனுப்புவீர்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. அந்தக் கேள்விக்குத்தான் பணம் ஒதுக்க வேண்டும் என்பேன். கையில் ஏற்றும் ஊசி நேரே மஜ்ஜைக்குப் போய்ச் சேருமானால், மஜ்ஜை மாற்றுப் பிரிவும் கீமோவும் இல்லாமல் நீலகிரியின் கூடலூர் மருத்துவமனையிலேயே அதைப் போடலாம்.