ஸ்பான்சருக்கு நாம் ஏன் பணம் தர வேண்டும்?

ராசிபுரம், ஆத்தூர் பக்கம் நம் தெருக்களில் நர்சிங் முடித்த பெண்கள் இருக்கிறார்கள். லண்டன் வேலை என்றதும் ஏஜென்ட் ‘ஸ்பான்சருக்கு’ என்று லட்சக்கணக்கில் கேட்கிறார். அடகு வைக்க நம்மிடம் நிலம் ஏது? கந்துவட்டிதான்.

பிரிட்டன் சட்டம் வேறு சொல்கிறது. வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்கும் முதலாளி அரசிடம் ஸ்பான்சர் உரிமம் வாங்க வேண்டும். நிர்ணயித்த சம்பளம் தர வேண்டும். வேலைக்கு வருபவருக்கு ஸ்பான்சர் சான்றிதழ் தர வேண்டும். உரிமச் செலவையும் சான்றிதழ் கட்டணத்தையும் 2024 டிசம்பர் 31 முதல் தொழிலாளி தலையில் கட்டக் கூடாது. உரிமம் பெற்றவர்களின் பட்டியல் அந்நாட்டு அரசின் இணையதளத்திலேயே இருக்கிறது, செல்போனில் பார்க்கலாம். நர்ஸ் வேலைக்கு வழி உண்டு. ஆனால் முதியோர் பராமரிப்பு வேலைக்கு இங்கிருந்து புதிதாக ஆள் எடுப்பது 2025 ஜூலை 22-லேயே நின்றுவிட்டது. அதற்கு இன்னும் பணம் கேட்பவர் ஏமாற்றுகிறார்.

நம் நாட்டுச் சட்டப்படியும் பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடியது 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். இதை ஏன் எந்த அதிகாரியும் நம் தெருவுக்கு வந்து சொல்வதில்லை?

1978-ல் தொடங்கிய தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. அது சேலத்திலும் நாமக்கல்லிலும் மாதம் ஒருமுறை முகாம் நடத்தட்டும். ஆங்கிலத் தேர்வு, விசா கட்டணங்களைத் தாட்கோ ஏற்கட்டும். அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாகவே எழுதிக் கேட்போம்.