அரிவாள்மணையை ஐயாவும் தொடட்டும்!

காரைக்காலில் ஞாயிற்றுக்கிழமை என்றால் வாரச் சந்தை. அவரை, கத்திரி, புடலை, இரண்டு கட்டு கீரை என்று பை நிறைய வீட்டுக்கு வருகிறது.

புதன்கிழமை பார்த்தால் கீரை அழுகல். அவரை வாடல். ராத்திரிக்கு ரசமும் உருளைக்கிழங்கு வறுவலும்! மீன் கிடைத்த நாளில் காய் என்ற பேச்சே இல்லை.

வாங்க மனசில்லாமல் இல்லை. நறுக்க நேரமில்லை. அதுதான் சங்கதி. பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், அம்மாவுக்கு ஆபீஸ். அந்த அவசரத்தில் வாழைப்பூ ஆய யாரால் முடியும்?

ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட கணக்குப்படி, பெரியவர் ஒருவருக்கு நாளைக்குக் கீரையோடு சேர்த்து 400 கிராம் காய் வேண்டும். நாலு பேர் இருந்தால் வாரத்துக்கு 11 கிலோ! மலைப்பாகத்தான் இருக்கும். பாதி உள்ளே போனாலே பெரிய காரியம்.

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில், புதுவை மாநிலத்தில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 100-க்கு 46 பேர் அதிக எடை. காய் குறைந்தது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் சோறு மலையாகவும் பொரியல் ஊறுகாய் அளவிலும் இருந்தால் உடம்பு என்னதான் செய்யும்?

ஞாயிறு சாயங்காலம் ஒரு மணி நேரம் போதும். பீன்ஸ், அவரையை நார் எடுத்து, கேரட்டையும் நறுக்கி, ஈரமில்லாமல் மூடி போட்ட டப்பாவில் பிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் கவலையில்லை. கழுவிவிட்டு நறுக்கணும்; நறுக்கிவிட்டுக் கழுவினால் சத்து தண்ணியோடு போய்விடும். கத்திரியும் வாழைக்காயும் கறுத்துப் போகும், அதை அன்றன்றைக்குத்தான் நறுக்க வேண்டும். கீரையை ஆய்ந்து, கழுவாமல் துணியில் சுற்றி வைத்து முதல் இரண்டு நாளிலேயே முடித்துவிடணும். பத்திரிகைத் தாளில் சுற்றாதீர்கள், அச்சு மை ஆகாது! பூசணி, சேனை, கருணை வாரக் கடைசிக்கு. அதுகளுக்குப் பிரிட்ஜே வேண்டாம்.

இதெல்லாம் ஒன்றும் புதுசில்லை. சித்திரை வெயிலில் கொத்தவரை, சுண்டைக்காய் வத்தல் போட்டு வருஷம் பூரா வைத்துக்கொண்ட ஊர்தானே இது!

ஆனால் அந்த ஒரு மணி நேரமும் அம்மா தலையிலேயே விழுந்தால்? இருக்கிற ஒரு ஞாயிறும் போச்சு! 2019-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வில், வீட்டு வேலைக்குப் பெண் நாளைக்கு 299 நிமிஷம், ஆண் 97 நிமிஷம். அந்த 97-ம் வேலையில் கை வைக்கிற ஆண்களை மட்டும் எடுத்த கணக்கு. 4 ஆண்களில் 3 பேர் அந்தப் பக்கமே போவதில்லை!

டி.வி. பார்த்துக்கொண்டே பீன்ஸ் நார் எடுக்கலாம். ஐயா எடுக்கட்டும். கீரை ஆய்வதைப் பையன் கற்றுக்கொள்ளட்டும். பெண்ணுக்கு மட்டும் ஏன் அந்தப் பாடம்?

மாதூரில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. செருமாவிலங்கையில் வேளாண் கல்லூரி இருக்கிறது. ஒரு ஞாயிறு சந்தையிலேயே மேஜை போட்டு, எந்தக் காயை எப்படி வைப்பது என்று மாணவர்களே செய்து காட்டலாம். பை தூக்கிக்கொண்டு வருகிற ஆண்களை முதல் வரிசையில் நிறுத்தினால் நல்லது.